கெல்லர் அறையில் காபனீரொட்சைட்டு: எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துவதும் பேணுவதும்

மருத்துவப் பக்கத்தில் நாம் வழமையாகச் சலரோகம், குருதி அமுக்கம், கொழுப்பு என்றுதான் எழுதி வருகிறோம். இம்முறை சுவரில் பூட்டும் ஒரு சிறிய பெட்டியைப் பற்றி எழுதப் போகிறோம். இது வைத்தியர் எழுத வேண்டிய விடயமா என்று சிலர் கேட்கக்கூடும். எம்மவர்களில் எத்தனை பேர் உணவகங்களிலும் ஹொட்டேல்களிலும் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. 1983க்குப் பின் அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்தவர்களில் பலருக்கு முதலில் கிடைத்தது சமையலறை வேலைதான். கோப்பை கழுவத் தொடங்கியவர்கள் இன்று தலைமைச் சமையற்காரர்களாகவும் கடை முதலாளிகளாகவும் இருக்கிறார்கள். அந்த உணவகங்களின் கீழ்த்தளத்தில், பியர்ப் பீப்பாய்களும் குளிர்பானப் பெட்டிகளும் அடுக்கிய கெல்லர் அறையில், சாம்பல் நிறத் தோளுடன் ஒரு சிலிண்டர் சங்கிலியால் கட்டப்பட்டு நிற்கும். அதற்குள் இருப்பது காபனீரொட்சைட்டு. ஜேர்மன் பேசும் முதலாளிமார் அதைக் கோலன்சொய்ர என்பார்கள். சோடாவில் குமிழி தருகிற அதே வாயுதான்.

சோடாவில் இருப்பது எப்படி ஆளைக் கொல்லும்? நியாயமான கேள்வி. நாம் வெளியே விடும் மூச்சிலேயே சுமார் 4 சதவீதம் காபனீரொட்சைட்டு இருக்கிறது. வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவீதத்துக்குச் சற்று மேல். கருவிகளில் இதைப் பிபிஎம் என்ற கணக்கில் காட்டுவார்கள், அதாவது பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று. 10,000 பிபிஎம் என்றால் 1 சதவீதம். வெளிக்காற்று 420 பிபிஎம்முக்குச் சற்றுக் கூட. வேலைத்தலத்தில் எட்டு மணித்தியாலச் சராசரியாக 5,000 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்பது சுவிற்சர்லாந்தில் சுவா நிறுவனம் வகுத்திருக்கும் எல்லை.

எமது மூளைத்தண்டு மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரத்தத்தில் உள்ள காபனீரொட்சைட்டைப் பார்த்துத்தான், ஒட்சிசனைப் பார்த்து அல்ல. சுவாசிக்கும் காற்றில் 2, 3 சதவீதம் வந்ததும் மூச்சு ஆழமாகி வேகமாகும், தலையிடி தொடங்கும். 5 சதவீதத்தில் மூச்சு இளைக்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். 7 முதல் 10 சதவீதத்தில் சிறிது நேரத்திலேயே நினைவு தப்பும். அதற்கு மிகவும் மேலே போனால் ஒரு நிமிடம் கூடக் கிடைக்காமல் போகலாம். இரத்தம் அமிலமாகிறது, மூளை மயங்குகிறது. இடம் அடைத்து ஒட்சிசனைக் குறைப்பதால் மட்டும் கொல்லும் வாயு அல்ல இது. தானே நஞ்சாகவும் வேலை செய்கிறது. இந்த வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை. கருவி வாங்கும்போது இது முக்கியமாகப் போகிறது.

நிறமில்லை. மணமும் இல்லை, மிகச் செறிவாக இருந்தால் மூக்கில் சோடா ஏறியதுபோல ஒரு குத்தல் தெரியும், அவ்வளவுதான். காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது என்பதால் குழி, படிக்கட்டின் அடி, கெல்லர்த் தரை என்று தாழ்ந்த இடங்களில் தண்ணீர்போல் தேங்கும். 1986 ஓகஸ்ட் 21 இரவு கமரூன் நாட்டின் நியோஸ் ஏரியின் அடியிலிருந்து பெருமளவு காபனீரொட்சைட்டு திடீரெனப் பொங்கி மலைச்சரிவால் இறங்கிப் பள்ளத்தாக்குகளை நிரப்பியது. 1,700க்கு மேற்பட்ட மக்கள் இறந்தார்கள், பலர் படுத்த பாயிலேயே. அது இயற்கையின் பேரழிவு. ஆனால் 2011இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், பூலர் என்ற ஊரில், ஒரு துரித உணவகத்தின் கழிவறையில் ஒரு மூதாட்டி இறந்ததற்குக் காரணம் குளிர்பான இயந்திரத்துக்குப் போகும் வாயுக்குழாயில் ஏற்பட்ட ஒழுகல். அப்படியான குழாய் எமது கடைகளிலும் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். சிலிண்டருக்குள் வாயு திரவமாக இருக்கிறது. 20 பாகை வெப்பத்தில் உள்ளே ஏறத்தாழ 57 பார் அமுக்கம். ஒரு கிலோ திரவம் வெளியே வந்தால் சுமார் 540 லீற்றர் வாயுவாக விரியும். 10 கிலோச் சிலிண்டர் ஒன்று முழுதாக ஒழுகினால் 5,400 லீற்றர், அதாவது 5.4 கனமீற்றர். உங்கள் கெல்லர் 20 சதுரமீற்றர் பரப்பும் இரண்டரை மீற்றர் உயரமும் என்றால் 50 கனமீற்றர். அறை முழுவதும் சமமாகக் கலந்தாலே 10 சதவீதத்துக்குக் கிட்ட வரும். சமமாகக் கலக்காது, கீழேதான் தங்கும் என்பதால் பீப்பாயை மாற்றக் குனிகிறவரின் முகத்துக்கு நேரே அதைவிடக் கூட இருக்கும். மொனோபொலிப் பெட்டிபோல அடைத்த சிறிய குளிரறை என்றால் சொல்லவே தேவையில்லை.

வலே, வோ போன்ற கன்ரோன்களில் வைன் நிலவறைகளில் வேலை செய்யும் எம்மவரும் உண்டு. அங்கே சிலிண்டரே தேவையில்லை. ஒரு லீற்றர் முந்திரிகைச் சாறு நொதிக்கும்போது 40 முதல் 50 லீற்றர் காபனீரொட்சைட்டு வெளியேறும். அறுவடைக்குப் பிந்திய கிழமைகளில் அந்த நிலவறைகளில் தொட்டிக்குள் தலையை நீட்டுவது உயிரோடு விளையாட்டு.

ஊரில் பாழ்கிணறு துப்பரவாக்க இறங்கமுன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். ஐரோப்பிய வைன் நிலவறைகளிலும் மெழுகுதிரியோடு இறங்கும் அதே வழக்கம் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது நல்ல புத்திதான். ஆனால் மெழுகுதிரி அணைவதற்குச் சுமார் 8 முதல் 10 சதவீதம் காபனீரொட்சைட்டு வேண்டும். மனிதன் அதற்கு முன்பே விழத் தொடங்குவான். ஆகவே விளக்கு எரிகிறது என்பதை நம்பி இறங்கக்கூடாது.

எந்தக் கருவி?

வீடுகளில் படுக்கையறைக்கு வெளியே பூட்டும் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி வேறு, நாம் சொல்லும் காபனீரொட்சைட்டுக் கருவி வேறு. பெயரில் ஓரெழுத்துத்தான் வித்தியாசம் என்பதால் கடையில் மலிவாகக் கிடைத்ததை வாங்கிப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். முன்னையது கரி, எரிவாயு, விறகு அரைகுறையாக எரிவதால் வரும் நஞ்சை மட்டுமே உணரும். பியர் அறையில் அது ஒருபோதும் சத்தமிடாது. பெட்டியில் சி, ஓ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 2 இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியென்றால் ஒட்சிசன் அளக்கும் கருவி போதாதா என்று ஒரு முதலாளி எம்மிடம் கேட்டார். போதாது. காற்றில் 20.9 சதவீதம் ஒட்சிசன். அறைக்குள் 5 சதவீதம் காபனீரொட்சைட்டு வந்தால் ஒட்சிசன் 19.9க்குத்தான் இறங்கும். அப்படியான கருவிகள் பொதுவாக 19.5இல் அல்லது அதற்குக் கீழேதான் கூவும். அந்த அளவுக்கு ஒட்சிசன் இறங்குவதற்குக் காபனீரொட்சைட்டு 6.7 சதவீதம் ஆகவேண்டும். மேலே சொன்ன மயக்கக் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2020க்குப் பின் பாடசாலை வகுப்பறைகளிலும் அலுவலகங்களிலும் காணும் சிறிய மேசைக் கருவிகளும் இதற்கு உதவா. அவை 1,000, 2,000 பிபிஎம் என்று காட்டி யன்னலைத் திற என்று நினைவூட்டுபவை. கெல்லருக்கு வேண்டியது சதவீதக் கணக்கில் 5 வரை அளக்கக்கூடிய, சுவரில் நிலையாகப் பூட்டும், சைரனும் ஒளிவிளக்கும் இணைந்த தொழிற்கருவி. இவற்றில் பெரும்பாலானவை அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்கின்றன. 4.26 மைக்ரோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியைக் காபனீரொட்சைட்டு விழுங்கிவிடும். எவ்வளவு ஒளி குறைந்தது என்பதைப் பார்த்து எவ்வளவு வாயு என்று கருவி கணிக்கிறது.

பொருத்தும் இடம்

உணர்கருவியைத் தரையிலிருந்து சுமார் 30 சதமமீற்றர் உயரத்தில் பூட்ட வேண்டும். புகை அறிவிப்பான்போல் கூரையில் பூட்டியிருந்தால் அது அலங்காரம். முழங்காலுக்குக் கீழே இருப்பதால் பீப்பாய் மோதும், துடைப்பம் அடிக்கும், தரை கழுவும் தண்ணீர் தெறிக்கும். ஆகவே உலோகக் காப்பும் தெறிப்புத் தடுப்பும் போடுவது அவசியம். சிலிண்டருக்கும் குழாய் இணைப்புகளுக்கும் அண்மையில் இருக்கட்டும். காற்றுவாரிக்கு நேர் முன்னாலும் கதவிடுக்கிலும் வேண்டாம், அங்கே புதுக்காற்று அடித்து அளவைக் குறைத்துக் காட்டும். பெட்டிகளை அடுக்கி அதை மறைத்துவிடவும் கூடாது. அறை வளைந்து நெளிந்து போனாலோ படியிறங்கும் குழி இருந்தாலோ இரண்டு உணர்கருவிகள் வேண்டும்.

இதைவிட முக்கியமானது, எச்சரிக்கை விளக்கும் சைரனும் கதவுக்கு வெளியேயும் இருக்கவேண்டும் என்பது. உள்ளே மட்டும் கூவினால் அதைக் கேட்க உள்ளே போகவேண்டுமே! காட்சித்திரையும் வெளியே இருந்தால் இறங்குமுன் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கலாம். வழக்கமாக முதல் எச்சரிக்கையை 1.5 சதவீதத்திலும் பிரதான எச்சரிக்கையை 3 சதவீதத்திலும் வைப்பார்கள். முதல் எச்சரிக்கையிலேயே தரைமட்டத்திலிருந்து உறிஞ்சும் காற்றுவாரி தானாக ஓடத் தொடங்கும்படி இணைத்துவிடலாம். அந்தக் காற்று வெளியே திறந்த இடத்துக்குப் போகவேண்டும், பக்கத்துப் படிக்கட்டுக்கோ கெல்லர் யன்னல் குழிக்கோ அல்ல.

மின்சாரத்தையும் கவனியுங்கள். சுவர்ச் செருகியில் மாட்டிய கருவியை எவராவது ஒருநாள் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றுவதற்காகக் கழற்றுவார். தனி மின்சுற்றில், செருகியில்லாமல் நிரந்தரமாக இணைக்கச் சொல்லுங்கள். மாற்று மின்கலம் இருந்தால் இன்னும் நல்லது.

அளவுதிருத்தம்

ஜேர்மனில் கலிபிறியருங் என்பார்கள். தராசுக்கு முத்திரை குத்துவதுபோன்றது. எந்த உணர்கருவியும் காலப்போக்கில் மெல்ல விலகும். விளக்கு முதுமையடையும், தூசும் ஈரமும் படியும். எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை என்பதைக் கருவியின் கைநூல் சொல்லும், பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். இதைத் தகுதியுள்ள சேவை நிறுவனம் செய்யவேண்டும். ஆனாலும் எப்படிச் செய்கிறார்கள் என்று கடைக்காரர் அறிந்திருப்பது நல்லது, இல்லாவிட்டால் ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டுப் போவதையே சேவை என்று நம்பிக் காசு கட்டுவோம்.

வருபவர் முதலில் எல்லோருக்கும் அறிவித்து, கருவியைச் சேவை நிலைக்கு மாற்றுவார். பிறகு உணர்கருவிக்கு ஒரு மூடி பொருத்தி, காபனீரொட்சைட்டு அறவே இல்லாத வாயுவை, வழக்கமாகத் தூய நைதரசனை, கைநூல் சொல்லும் வேகத்தில் மெதுவாகச் செலுத்துவார். அளவு அசையாமல் நின்றதும் அதைப் பூச்சியம் என்று பதிவார். அறைக்காற்றையே பூச்சியமாக வைத்துவிட்டு ஓடுபவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கு அறையில் ஒழுகல் இருந்தால் அந்த ஒழுகலே பூச்சியமாகிவிடும். அடுத்து, அளவு தெரிந்த பரிசோதனை வாயு, உதாரணமாக நைதரசனில் 3 சதவீதம் காபனீரொட்சைட்டு. கருவி 2.4 காட்டினால் அதை 3க்குத் திருத்துவார். மிகவும் விலகியிருந்து திருத்தத்துக்கு அடங்காவிட்டால் உணர்கருவியை மாற்றவேண்டும். பரிசோதனை வாயுப் போத்தலிலும் காலாவதித் திகதி உண்டு, கேட்டுப் பாருங்கள். கடைசியாகக் கருவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி வாயு கொடுத்து, சைரன் கூவுகிறதா, வெளிவிளக்கு எரிகிறதா, காற்றுவாரி ஓடுகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கையொப்பம் வைக்கவேண்டும். திருத்துமுன் என்ன காட்டியது, திருத்தியபின் என்ன காட்டியது என்ற இரண்டு எண்களும் பதிவேட்டில் இருக்கட்டும்.

சில கருவிகளில் தானியங்கித் திருத்தம் என்று ஒரு வசதி இருக்கிறது. கடந்த சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை அது வெளிக்காற்று என்று தானாகவே எடுத்துக்கொள்ளும். இரவில் காலியாகும் அலுவலகத்துக்கு இது சரி. எப்போதும் கொஞ்சம் ஒழுகிக்கொண்டிருக்கும் கெல்லரில், அந்த ஒழுகலையே சுத்தமான காற்று என்று கருவி பழகிவிடும். பாதுகாப்புக்காகப் பூட்டும் கருவியில் இதை நிறுத்தி வைக்கவேண்டும்.

மலையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. டாவோஸ் 1,560 மீற்றர், செயின்ற் மோரிற்ஸ் 1,800 மீற்றருக்கு மேல். அங்கே காற்றமுக்கம் குறைவு என்பதால் அகச்சிவப்புக் கருவி உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். டாவோஸ் உயரத்தில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. கருவியில் அமுக்கத் திருத்தம் இருக்கவேண்டும், அல்லது அந்த இடத்திலேயே வைத்து அளவுதிருத்தம் செய்யவேண்டும். சூரிச்சில் திருத்திப் பெட்டியில் அனுப்பியதை அப்படியே மலையில் பூட்டுவது சரியல்ல.

வாயால் ஊதிப் பார்த்து அது கத்தினால் நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. மூச்சில் 4 சதவீதம் இருப்பதால் கத்தத்தான் செய்யும். கருவி உயிரோடிருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அளவு சரியா என்று அது சொல்லாது. போதாததற்கு மூச்சின் ஈரமும் உள்ளே போகும்.

நாளாந்தக் கவனிப்பு எளிது. பச்சை விளக்கு எரிகிறதா என்று காலையில் பாருங்கள். மாதம் ஒருமுறை பரிசோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சற்றே நனைத்த துணியால் துடையுங்கள், மருந்துத் தெளிப்பான்கள் வேண்டாம். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பு வளையத்தைப் பார்த்து, சவர்க்கார நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். வெறுஞ்சிலிண்டரின் வாயையும் பூட்டி வையுங்கள்.

எம்மிடம் வந்த ஒருவரைப் பற்றி, அவருடைய அனுமதியோடு எழுதுகிறோம். நாற்பது வயது தாண்டியவர், உணவகம் ஒன்றில் வேலை. வெள்ளி, சனி இரவுகளில் தலையிடியும் மூச்சு இளைப்பும். குருதி அமுக்கம் சரி, இருதயப் பதிவு சரி, கண்ணும் சரி. விடுமுறையில் ஒன்றுமே இல்லை. வேலையைப் பற்றி விபரமாகக் கேட்டபோதுதான் வார இறுதியில் பீப்பாய் மாற்றுவது அவர் பொறுப்பு என்பதும், கெல்லர்ச் சுவரில் ஒரு பெட்டி இருப்பதும், அதில் மஞ்சள் விளக்கு மாதக்கணக்காக மின்னுவதும், சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று எவரோ ஒலிபெருக்கிக்கு மேல் ஒட்டுநாடா ஒட்டியிருப்பதும் தெரியவந்தது. அமுக்கச் சீராக்கியின் வளையம் தேய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. மாற்றியபின் தலையிடி நின்றது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டோம். “டொக்டர், கரைச்சல் குடுக்கிற ஆள் எண்டு நினைச்சிட்டால் வேலை போயிடுமே” என்றார். பல வருடம் இந்த நாட்டில் இருந்தவர், வதிவிட அனுமதி உறுதியானவர். பயம் மட்டும் பழைய அகதிப் பயமாகவே இருந்தது.

விபத்துக் காப்புறுதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, விபத்தைத் தடுக்கும் நடவடிக்கை எடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. அதற்கு உதவுவது தொழிலாளியின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே பழுதான கருவியைப் பற்றிச் சொல்பவர் சட்டம் கேட்பதைத்தான் செய்கிறார். உணவகங்களைப் பொறுத்தவரை மேற்பார்வை கன்ரோனின் தொழிற்பரிசோதனை அலுவலகத்திடம் உள்ளது. எம்மவர்களில் முதலாளிகளாக இருப்பவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசிக்கவும்.

சைரன் கூவினால்

உள்ளே இருப்பவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியேறவேண்டும். வெளியே இருப்பவர் உள்ளே போகக்கூடாது. 118, 144 இரண்டுக்கும் அறிவியுங்கள். காபனீரொட்சைட்டு என்ற சொல்லைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர்கள் சுவாசக் கருவியோடு வருவார்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்றால் ஓடிப்போய்த் தூக்கத்தான் மனம் சொல்லும். எமது பிள்ளையோ சகோதரமோ என்றால் எவர் சொன்னாலும் கேளோம். ஆனால் ஒருவரைத் தூக்கப் போய் இரண்டாமவரும் மூன்றாமவரும் விழுவதே இவ்விபத்துகளின் வழமை. ஈரத்துணி, தூசு முகமூடி, வடிகட்டி முகமூடி எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது. வெளியிலிருந்து கதவுகளைத் திறவுங்கள், காற்றுவாரியைப் போடுங்கள். வெளியே கொண்டுவரப்பட்டவருக்கு மூச்சில்லையென்றால் உயிர்மீட்பு முதலுதவியைத் தொடங்குங்கள். மயங்கி எழும்பியவர் இப்போது சுகம் என்று சொன்னாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இறுதியாக ஒரு விடயம், கெல்லரோடு சம்பந்தமில்லாவிட்டாலும் எமது மண்டபங்களோடு சம்பந்தமானது. கல்யாணத்திலும் சாமத்தியச் சடங்கிலும் மேடையில் வெண்புகை விடுகிறோம். அதைச் சில இடங்களில் உலர்பனியால் செய்கிறார்கள். உலர்பனி என்பது உறைந்த காபனீரொட்சைட்டு, மறை 78 பாகை. வெள்ளையாகத் தெரிவது நீராவிதான். அது மறைந்தபின்னும் வாயு தரையில் கிடக்கும், அங்கேதான் சிறுபிள்ளைகள் இருந்து விளையாடுவார்கள். 2020 பெப்ரவரியில் மொஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விழாவில் உள்ளரங்க நீச்சல் தடாகத்தில் உலர்பனியைக் கொட்டியதால் மூவர் இறந்தார்கள். மண்டபத்தில் பாவிப்பதென்றால் கதவுகள் திறந்திருக்கட்டும், பிள்ளைகளை மேடையடியில் இருத்தாதீர்கள். காரில் கொண்டுவரும்போது யன்னலைத் திறந்து விடுங்கள்: ஒரு காரின் உட்புறம் ஏறத்தாழ 3 கனமீற்றர், யன்னல் பூட்டியிருந்தால் அதை 1 சதவீதமாக்க 60 கிராம் உலர்பனி ஆவியானாலே போதும். ரெஜிபோம் பெட்டியில் வைத்த சில கிலோவிலிருந்து ஒரு மணித்தியாலத்திலேயே அதைவிடக் கூட வெளியேறும். மிஞ்சியதைக் காரிலோ கெல்லரிலோ இரவு வைத்திருக்கவேண்டாம், திறந்த வெளியில் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்தால் தானாகவே கரைந்துபோகும்.